கட்சிப் பணத்துக்கு வரம்பு எங்கே?

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்கிறார்கள். எங்கள் ஊருக்குத் தலைவர் வந்துபோன ஒரு கூட்டத்துக்கே அவ்வளவு ஆகியிருக்கும் போலிருக்கிறது. கட்சியும் தனியாகப் பணம் இறக்குகிறது. அப்புறம் எப்படிக் கணக்கு வரம்புக்குள் நிற்கிறது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் சொல்லும் 40 லட்சம், 2022 ஜனவரியில் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு வந்த வரம்பு. அது வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சி எத்தனை கோடி செலவழித்தாலும் கேட்பதற்குச் சட்டத்தில் வரம்பே இல்லை. கணக்கு நிற்பது இதனால்தான்.

இந்த ஓட்டையை ஒருமுறை உச்ச நீதிமன்றம் அடைத்தது. 1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் அமர்நாத் சாவ்லா ஜெயித்தார். தோற்ற கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். வேட்பாளருக்குத் தெரிந்து, அவருடைய வெற்றிக்காகக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று 1974 அக்டோபர் 3-ல் தீர்ப்பு வந்தது. அதே மாதம் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தீர்ப்பைச் செல்லாததாக்கியது. பிறகு நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கியது. சுமார் 30 ஆண்டு கழித்து, 2003-ல்தான், கட்சிச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்ற அந்த விலக்கைக் கொஞ்சம் சுருக்கினார்கள்.

இன்றைய நிலை இது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் பட்டியலைக் கொடுக்கலாம். அவர்களின் பயணச் செலவு, ஹெலிகாப்டர் உட்பட, கட்சியைச் சேர்ந்தது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ, பேனரில் அவர் பெயரோ படமோ இருந்தாலோ கூட்டச் செலவில் அவருக்கும் பங்கு விழும். பெயரில்லாமல், சின்னத்தையும் தலைவர் முகத்தையும் மட்டும் காட்டும் விளம்பரம் பொதுப் பிரசாரமாகிவிடும். யாருக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது.

இன்னொன்று, கணக்கு வேட்புமனு தாக்கலான நாளிலிருந்துதான் தொடங்கும். அதற்குப் பல மாதம் முன்பே பூத் கமிட்டி போட்டு, வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்து, கிளைவரை ஆள் அமர்த்தி முடித்திருப்பார்கள். ஒரு கட்சி வேட்பாளருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான். அது எந்த வேட்பாளர் கணக்கிலும் ஏறாது.

2019 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். திமுக தன் செலவுக் கணக்கில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாகக் காட்டியது. கூட்டணியில் அவர்களுக்குத் தலா இரண்டு தொகுதிகள். ஒரு வேட்பாளருக்கு அன்று வரம்பு 70 லட்சம், இருவருக்குச் சேர்த்தாலும் 1.4 கோடிதான். கொடுத்ததும் வாங்கியதும் கணக்கில் இருக்கிறது, சட்டப்படி தவறு கிடையாது. நான் குறை சொல்வது இப்படி அனுமதிக்கும் சட்டத்தைத்தான்.

கட்சி பணம் கொடுப்பதே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு விவசாயக் கூலியோ பள்ளி ஆசிரியையோ சட்டமன்றத்துக்குப் போக வேண்டுமானால் கட்சி கைகொடுத்தால்தான் முடியும். ஆனால் சீட் கொடுக்கும் முன் கட்சி நடத்தும் நேர்காணலில் ‘எவ்வளவு செலவு செய்வீர்கள்?’ என்று விருப்ப மனு போட்டவரையே கேட்பது ஊரறிந்த விஷயம். கையில் காசில்லாத நல்ல ஊழியர் அங்கேயே கழிக்கப்பட்டுவிடுகிறார். இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

சரி, என்ன செய்யலாம்? வேட்பாளர் வரம்பைக் கட்சி போட்டியிடும் தொகுதிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, கட்சிக்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளில் கட்சி கொடுக்கும் கணக்கைத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கட்சிச் செலவுக்கு வரம்பு வேண்டும் என்று தேர்தல் ஆணையமும் கேட்டிருக்கிறது. முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் இந்தப் பணத்தில் வந்தவர்கள் என்பதால் வெளியிலிருந்து நாம்தான் விடாமல் கேட்க வேண்டும்.

ஒரு வேலை நீங்களே செய்யலாம். முடிவு வந்து 30 நாளில் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்குத் தர வேண்டும். சிறு கட்டணம் கட்டினால் யாரும் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உங்கள் தொகுதியில் ஜெயித்தவரின் கணக்கை வாங்கி, ‘கட்சியிடமிருந்து பெற்ற தொகை’ என்ற பகுதியை முதலில் பாருங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.