ஒன்றாம் வகுப்பை எங்கே தொடங்குவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. புது வர்ணம், ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் உண்டு. பிள்ளைகள் 40 பேர்தான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நடுநிலைப் பள்ளி, கட்டடம் பழசு. மகளை எதில் சேர்ப்பது?
– ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: வர்ணத்தையும் திரையையும் விடுங்கள், முதலில் ஆசிரியர்களை எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி, 1 முதல் 5 வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர்; 91 முதல் 120 வரை 4 பேர். ஆக, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சட்டப்படி கிடைப்பதே இரண்டு பேர், வகுப்போ ஐந்து. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையத்தளம்) பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை என்று ஒருவர் வெளியே போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்தான்.

நடுநிலைப் பள்ளியில் "எட்டு டீச்சர் இருக்காங்க" என்று சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டதாரி ஆசிரியர்கள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியவர்கள். உங்கள் மகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். அவர்கள் எத்தனை பேர், மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருப்பவர் உண்டா, காலிப் பணியிடம் உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றுப்பணியில் போனவரின் பெயர் இந்தப் பள்ளிக் கணக்கில் இருக்கும், ஆள் வேறு பள்ளியில் இருப்பார்.

பிறகு ஒரு சாதாரண வேலை நாளில், பதினொரு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். சேர்க்கைப் பேரணி நாளில் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரின் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூலை வாங்கிப் புரட்டுங்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கின் அடிப்படையைச் சொல்லித்தரும் இந்த அரசுத் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலையை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் அரும்பிலேயே இருந்தால் ஏன் என்று கேட்கலாம். நல்ல தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். நூலில் தப்பான விடையைத் திருத்தி மறுபடி எழுத வைத்திருக்கிறார்களா, பக்கத்துக்குப் பக்கம் வெறும் 'சரி' குறி மட்டும்தானா என்று பாருங்கள். எல்லார் நூலிலும் ஒரே வாக்கியம், அதே எழுத்துப்பிழையோடு இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

கிளம்பும்போது பெண் பிள்ளைகளின் கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

இரண்டு ஆசிரியர்களும் ஒழுங்காக வருகிறவர்கள் என்றால் 40 பேர் படிக்கும் பள்ளி மோசமே இல்லை. ஒரு பிள்ளை பின்தங்கினால் உடனே கண்ணில் படும். ஓர் ஆசிரியர் இடம் காலி என்றால், தினமும் கொண்டு விட ஆள் இருக்கும் பட்சத்தில், அந்தப் பழைய கட்டடமே மேல்.

கேள்வி: பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆங்கில வழிக்குத் தனி அறையும் தனி ஆசிரியரும் உண்டா என்று கேளுங்கள். பல தொடக்கப் பள்ளிகளில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகம் மட்டும்தான் வேறு. தமிழ் வழியிலும் ஆங்கிலம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு பாடமாக உண்டு.

பெற்றோர் பலர் யோசிக்காத இன்னொன்று: மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2010-ல் வந்த சட்டத்தை 2020-ல் திருத்திய பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஐந்து வயதில் ஆங்கில வழியில் சேர்த்துவிட்டு, ஆறாம் வகுப்பில் தமிழ் வழிக்கு மாற்றினால் அந்தச் சலுகை கிடையாது. வீட்டில் ஆங்கிலம் வாசித்துச் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் தமிழ் வழிதான் எங்கள் யோசனை.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் சலுகையில் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தொடக்க வகுப்புகளில் ஏறக்குறைய ஒன்றுதான்: பாடநூல், மதிய உணவு இரண்டிலும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், 1 முதல் 5 வகுப்பு வரை, படிப்படியாக உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. வித்தியாசம் ஆறாம் வகுப்பில் வரும். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளிப் படிப்பு அதில் சேராது. ஊராட்சி ஒன்றிய, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள் சேரும்.

கேள்வி: மகன் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கட்டண பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். ஆண்டு நடுவில் அரசுப் பள்ளியில் சேர்ப்பார்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சேர்த்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 14-வது பிரிவு வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவதையும் தடுக்கிறது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு சட்ட வழி உண்டு.

சிக்கல் எமிஸில்தான் வரும். பழைய பள்ளி உங்கள் மகனின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். அதற்குள் அவசரப்பட்டுப் புதிதாக எமிஸ் எண் போடச் சம்மதிக்காதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் இருந்தால் பிற்பாடு உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்கும். பழைய பள்ளிக்கு எழுத்தில் மனு கொடுத்து நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் அந்த நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள், அல்லது கல்வி உதவி எண்ணான 14417-க்கு அழையுங்கள். அதுவரை மகன் புதிய பள்ளியில் உட்காரட்டும். எமிஸில் ஏற்றும் அன்று, பெயரின் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே திரையில் பார்த்துவிடுங்கள்.