பனிக்காலக் கோழிக் கொட்டகை: கீழே மூடுங்கள், மேலே திறந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் தளி பக்கம். தகரக் கொட்டகையில் ஆழ்கூள முறையில் (தரையில் உமி போன்ற கூளம் பரப்பி) 150 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். குளிருக்குப் பயந்து கார்த்திகையிலேயே நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டேன். அப்படியும் கோழிகளுக்குச் சளி, ராத்திரியில் கொர்கொர் சத்தம். விடியற்காலை உள்ளே போனால் கண் எரிகிறது. இன்னும் கனமான தார்ப்பாய் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இருக்கிற தார்ப்பாயையே இன்று மேல்பக்கம் ஒரு அடி இறக்கிவிடுங்கள்.

இறகு நன்றாக முளைத்த கோழி உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு ஆகாதவை இரண்டு: உடம்பின் மேல் நேராக அடிக்கும் வாடைக்காற்று, அப்புறம் ஈரம். வாடையைத் தடுக்கப் போய் ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டீர்கள். வளர்ந்த கோழி நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்கும். 150 கோழிக்கு 30 லிட்டர். அதில் பெரும்பகுதி மூச்சிலும் எச்சத்திலும் கொட்டகைக்குள்தான் வந்து சேர்கிறது. வெளியேற வழியில்லாத ஆவி தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, விடியலில் கூளத்தின் மேல் சொட்டும். நனைந்த எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாதான் உங்கள் கண்ணை எரிக்கிறது. நீங்கள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிடுவீர்கள். கோழி ராத்திரி முழுக்க அதையே சுவாசிக்கிறது. மூச்சுக்குழாய் புண்ணானால் சளிக் கிருமிக்குக் கேட்கவா வேண்டும்?

நம் ஊரில் பலரும் தார்ப்பாயைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, காற்று வேண்டுமென்றால் கீழிருந்து சுருட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் வாடை நேராகக் கோழி மேல் அடிக்கும். கீழ்விளிம்பைச் சுவரோடு இறுக்கி, மேல்விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி மாற்றுங்கள். ராத்திரியிலும் கூரையை ஒட்டி ஒன்று முதல் ஒன்றரை அடி திறந்தே இருக்கட்டும். கோழி அடையும் கட்டை அந்தத் திறப்புக்குக் கீழே இருக்க வேண்டும். வாடை வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

கூளத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர் வைக்கும் இடத்தைச் சுற்றித்தான் கட்டி தட்டியிருக்கும். அதை அள்ளி எறிந்துவிட்டு, காய்ந்த உமியோ கடலைத்தோலோ போட்டு, ஒன்றுவிட்டு ஒருநாள் கிளறுங்கள். நெடி அடிக்கும் கூளத்தின் மேலேயே சுண்ணாம்பு தூவாதீர்கள், அமோனியா இன்னும் கிளம்பும்.

குஞ்சுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். அங்கும் மேலே இடைவெளி விட்டே மூடுங்கள்.

கொர்கொர் சத்தம் வரும் கோழிகளைத் தனியே பிரித்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். நீங்களாகத் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்க வேண்டாம். சளியோடு பச்சையாகக் கழிந்தாலோ கழுத்து திருகினாலோ வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள், கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.