கதவு நன்றாகச் சாத்தியிருந்தும் 'டோர் ஓப்பன்' விளக்கு அணையவில்லை. செட்டிங்கில் நிறுத்த முடியுமா?

பெரும்பாலான கார்களில் முடியாது. மாற்றக்கூடியது கூரை விளக்கு மட்டுமே: ஆன், டோர், ஆஃப் என்ற மூன்று நிலை. அதை ஆஃப் செய்தாலும் டேஷ்போர்டு எச்சரிக்கை போகாது. கோளாறு பெரும்பாலும் கதவு மூடியதை உணரும் சுவிட்சிலோ, கதவு அதைச் சரியாக எட்டாததிலோ இருக்கும்.

பழைய கார்களில் கதவுச் சட்டத்தில் ரப்பர் மூடியோடு ஒரு பொத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக விரலால் முழுக்க அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்ச் நல்லது. கதவுதான் அதை எட்டவில்லை. புதிய கார்களில் சுவிட்ச் பூட்டுக்குள்ளேயே இருக்கும். கதவைத் திறந்துவைத்து, ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கை இரண்டு 'கிளிக்' வரை தள்ளி, விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிறகு கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து அடித்தால் பூட்டே போச்சு!

நெல்லை மாவட்டக் கடலோரத்தில் உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்று, திசையன்விளைப் பக்கம் தேரி எனும் செம்மணல். இரண்டுமே பூட்டில் போய் அப்பும். கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். காய்ந்தபின் நாக்கில் மட்டும் கொஞ்சம் கிரீஸ்.

அப்படியும் எரிந்தால் கதவுச் சட்டத்தில் பூட்டு மாட்டிக்கொள்ளும் கொக்கியான ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, திருகைத் தளர்த்தி, 1 மி.மீ. உள்ளே நகர்த்தி இறுக்குங்கள்.

வயரை வெட்டி விளக்கை ஏமாற்றுவது மட்டும் வேண்டாம். பின்கதவில் பிள்ளைகள் சாய்ந்திருக்கும்போது அந்த விளக்குதான் காவல்.