ஈயக்குண்டு உருக்கும் வீடு: டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டரம்மா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலம் வந்தால் வீட்டில்தான் வலை வேலை. பழைய ஈயத்தையும் பேட்டரித் தகட்டையும் வாங்கி வந்து, பின்பக்கம் விறகடுப்பில் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு ஊற்றுவார். நாலு வயது மகன் அப்பா பக்கத்தைவிட்டு நகர மாட்டான். ஆறு மாதமாக அவனுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல். பேச்சும் தெளிவாக வரவில்லை. ஒரு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஈயம் 18 என்று வந்திருக்கிறது. ஆனால் இரும்புச்சத்து மருந்து மட்டும்தான் எழுதினார். “விஷத்தை முறிக்க ஊசி இருக்கு, கேட்டு வாங்கு” என்கிறார் நாத்தனார். ஏன் எங்களுக்குக் கொடுக்கவில்லை?
— ஒரு தாய், காசிமேடு

பதில்: அம்மா, சந்தேகப்பட்டு அந்தப் பரிசோதனையை எழுதினாரே, அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் சந்தேகப்படாமல் போனேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் கிளினிக் திறந்த புதிது. வியாசர்பாடியிலிருந்து ஐந்து வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுவலி. பூச்சி மாத்திரை கொடுத்தேன். மறுமாதமும் அதே வலி, அதே மாத்திரை. மூன்றாம் முறை வலிப்போடு வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த என் பழைய ஆசிரியர் பையனைப் பார்த்த கையோடு அவன் அப்பாவிடம் திரும்பி, “உனக்கு என்னப்பா வேலை?” என்றார். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற வேலை. வீட்டுத் திண்ணையிலேயே. பையன் பிழைத்தான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை இன்றுவரை எந்தக் குழந்தையின் பெற்றோரிடமும் கேட்காமல் விட்டதில்லை.

உங்கள் மகனின் 18 என்பது நூறு மில்லி ரத்தத்தில் 18 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது. ரத்தத்தை விரல் நுனியில் குத்தி எடுத்திருந்தால், ஒருமுறை நரம்பிலும் எடுத்துப் பாருங்கள். விரலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கூட்டிவிடும்.

இனி ஊசி. அப்படி மருந்து உண்டு. வாய்வழியாகக் கொடுக்கும் சக்சிமர், ஊசியாகப் போடும் கால்சியம் ஈடிடிஏ. இவை ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். குழந்தைகளுக்கு வழக்கமாக 45-ஐத் தொட்டால்தான் கொடுப்போம். வலிப்பு, மயக்கம் என்று வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்க மாட்டோம். 20-லிருந்து 44 வரை இருந்த 780 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் சக்சிமரைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் குறைந்தது, ஆனால் அறிவு வளர்ச்சியில் எந்த முன்னேற்றமும் இல்லை. அதைவிட முக்கியம்: பின்பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது இந்த மருந்தைக் கொடுத்தால் இறங்கிய அளவு திரும்ப ஏறிவிடும். உங்கள் டாக்டர் செய்தது சரி. கடையில் யாராவது ‘விஷமுறிவு ஊசி’ என்று போட வந்தால் சம்மதிக்காதீர்கள். கால்சியம் ஈடிடிஏவுக்குப் பதிலாகப் பெயரில் மட்டும் ஒத்த வேறொரு ஈடிடிஏவைப் போட்டு, ரத்தத்தில் கால்சியம் இறங்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மகனுக்கு முதல் மருந்து, அந்த அடுப்பு அங்கிருந்து போவது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். கிளம்பும் புகை கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சோற்றுப்பானை மேல், பாய் மேல், பிள்ளை தவழ்ந்து விளையாடும் தரை மேல் படிகிறது. அவன் கை வாய்க்குப் போகிறது. வாயில் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சும். பேட்டரித் தகடு இன்னும் மோசம், அதில் ஒட்டியிருக்கும் பசையே ஈயத் தூள்தான்.

வீட்டுக்காரரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். வலை அவருடைய பிழைப்பு. ஊற்றிய குண்டைக் கடையில் வாங்கச் சொல்லுங்கள், அல்லது சங்கத்தில் பேசி வீடுகளைவிட்டுத் தள்ளி ஒரு பொது இடம் கேட்கச் சொல்லுங்கள். அடுப்பு இருந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடுங்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூள் எழும்பும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். வேலை லுங்கியைத் தனியாக அலசுங்கள். குளித்து மாற்றிய பிறகுதான் அவர் பிள்ளையைத் தூக்க வேண்டும். குண்டைப் பல்லால் கடித்து நெருக்கும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்தட்டும். பையன் ஒரு குண்டை விழுங்கிவிட்டால் தானாக வெளியே வரட்டும் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டானிக்கைத் தவறவிடாதீர்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். வெறும் வயிறும் அப்படித்தான். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும்படி நெத்திலி, கூடவே நெல்லிக்காய். இவை உள்ளே இருக்கும் ஈயத்தை வெளியேற்றாது, புதிதாக ஏறுவதைக் குறைக்கும். ரத்தத்திலுள்ள ஈயம் பாதியாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் கிடக்கும். அதனால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி ரத்தம் பாருங்கள். உங்களுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பாருங்கள். வயிற்றில் குழந்தை இருந்தால் கட்டாயம், ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டும். பேச்சுத் தாமதத்துக்கு ஈயம்தான் காரணம் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காது கேட்கிறதா, வளர்ச்சி எப்படி என்று பாருங்கள். நாலு வயதில் பயிற்சி தொடங்கினால் நல்ல பலன் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பேட்டரிக் கம்பெனியில் வேலை. தினமும் வெல்லம், வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் கொடுக்கிறார்கள். இது ஈயத்தை இறக்கிவிடும் என்கிறார் மேஸ்திரி. உண்மையா?
— வாசகர், மணலி

பதில்: இல்லை, தம்பி. வெல்லம் எந்தத் தூசியையும் நுரையீரலிலிருந்து இறக்காது. பால் நல்ல உணவு, அவ்வளவுதான். பாலைக் கொடுத்துவிட்டுப் புகை உறிஞ்சும் மின்விசிறியை வைக்காமல் இருந்தால் அது ஏமாற்று வேலை, கோபமாகத்தான் சொல்கிறேன். துணி மாஸ்க் ஈயப் புகையைத் தடுக்காது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பீடியைத் தொடாதீர்கள், வேலை உடையோடு பஸ் ஏறாதீர்கள்.

மணிக்கட்டு தொங்குகிற மாதிரி பலவீனம், காரணமில்லாத ரத்தக்கொதிப்பு, வயிற்றை முறுக்கும் வலி, ரத்தசோகை, இதில் எது வந்தாலும் ரத்தத்தில் ஈயம் பாருங்கள். எதுவும் வராவிட்டாலும் பாருங்கள், சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். ஈய நச்சு, சட்டப்படி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன வேலை என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்க அந்த ஒரு வரி உதவும்.

கேள்வி: அம்மா கொடுத்த ஈயச் சொம்பில் நாற்பது வருடமாக ரசம் வைக்கிறேன். மருமகள் விஷம் என்கிறாள்.
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நம் மொழியில் ஈயம் இரண்டு. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நஞ்சு காரீயம். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது, அதில் குற்றமில்லை. வெள்ளீயம் விலை அதிகம் என்பதால் காரீயம் கலப்பவர்கள் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல். புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து எடுக்கும். நிறத்தை வைத்தோ எடையை வைத்தோ வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. உலோகம் சோதிக்கும் கருவி உள்ள இடத்தில் காட்டலாம். அதுவரை, பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அம்மாவின் சொம்பை அலமாரியில் வையுங்கள், ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும். மருமகள் சொன்னதில் அக்கறை இருக்கிறது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டு ஜன்னல் பெயிண்ட் உரிகிறது. பொங்கலுக்குள் சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: அடிக்கலாம், உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு, அதிலும் மஞ்சளும் சிவப்பும், சந்தேகத்துக்குரியது. தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், தீயால் சுட்டு உரிக்க விடாதீர்கள். கீழே தார்ப்பாய் விரித்து உதிர்ந்ததை அதோடு சுருட்டி எடுங்கள். அந்த நாலு நாளும் சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். அவர்கள் திரும்புவதற்கு முன் தரையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.