பழைய ஊசிதான், ஆனா அதுக்கு மாத்து இல்ல

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு அஞ்சாவது மாசமுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பாத்துட்டு விடிஆர்எல் பாசிடிவ், சிபிலிஸ் மாதிரி இருக்குது, பென்சிலின் ஊசி போடோணும்னாங்க. எங்க அமுச்சி, இது மேகநோய், தலமுறைக்கும் போகாதுங்கறாங்க. பென்சிலின் அந்தக் காலத்து மருந்தாச்சே, புதுசா மாத்திர இல்லீங்களா?
- பேர் வேண்டாம், காங்கேயம்

பதில்: அம்மிணி, அந்த ஊசிய தள்ளிப்போடாதீங்க. வயித்துல இருக்கற குழந்தையையும் சேத்துக் காப்பாத்தும்னு நிரூபணமான மருந்து பென்சிலின் ஒண்ணுதான். அசித்ரோமைசின் மாத்திரைக்கு இந்தக் கிருமி பல நாட்டுல பழகிப்போயி சாக மாட்டேங்குது, பென்சிலினுக்கு மட்டும் 80 வருசமா பழகவே இல்ல, எனக்கு இன்னமும் ஆச்சரியந்தான்.

அமுச்சி பயப்படறதுலயும் நியாயம் இருக்குதுங்க. முன்னெல்லாம் பாதரசத்தப் பூசி, புகை போட்டு, எச்சில் வழிஞ்சு பல்லு விழுந்து நொந்து போவாங்க. நாட்டு மருந்துக் கடைல விக்கிற பறங்கிப்பட்டையும் இதுக்குக் குடுத்ததுதான். 1905ல தான் கிருமியவே கண்ணுல பாத்தாங்க, 1910ல ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்கோட சால்வர்சான்ங்கற மருந்து வந்துது, அது ஆர்செனிக், அதாவது பாஷாணம், மாசக்கணக்கா ஊசி குத்திக்கோணும், பாதில விட்டவங்க நிறைய. 1943ல அமெரிக்காவுல ஜான் மஹோனின்னு ஒரு டாக்டர் நாலு பேருக்கு பென்சிலின் போட்டுப் பாத்தாரு, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, எட்டு நாளு, ராத்திரி பகல் பாக்காம. ஏன்னா இந்தக் கிருமி ரெண்டாப் பிரியறதுக்கே ஒரு நாளுக்கு மேல ஆகும், பிரியறப்பதான் பென்சிலின் அதக் கொல்லும், அதனால மருந்து ரத்தத்துல நாள்கணக்கா நிக்கோணும். 1950கள்ல பென்சத்தீன் பென்சிலின் வந்துது, சதைல இருந்து மெதுவா கரையற மருந்து, 24 லட்சம் யூனிட், ரெண்டு புட்டத்துலயும் பாதி பாதியா. ஆரம்ப கட்டம்னா ஒரு தடவை போதும், எப்ப தொத்துச்சுன்னு தெரியலைன்னா வாரம் ஒண்ணுன்னு மூணு வாரம்.

இவ்வளவு சுலபமான மருந்து கைல இருந்தும் குடுக்காம விட்ட கொடுமையும் நடந்திருக்குது. அமெரிக்காவுல டஸ்கிகீங்கற ஊர்ல சிபிலிஸ் இருந்த 399 கருப்பின ஆம்பளைங்கள, நோய் எப்படி முத்துதுன்னு பாக்கறதுக்காக 1932ல இருந்து 1972 வரைக்கும் வைத்தியம் பண்ணாமயே வெச்சிருந்தாங்க, பென்சிலின் வந்தப்புறமும். பொண்டாட்டிங்களுக்குத் தொத்துச்சு, குழந்தைங்க நோயோட பொறந்துச்சு. மருந்து இருந்துட்டா போதாது, ஆளுக்குப் போய்ச் சேரோணும். அதனாலதான் மாசமா இருக்கற எல்லாத்துக்கும் இந்த டெஸ்ட் எடுக்கறாங்க, உங்க மேல சந்தேகப்பட்டு இல்லீங்க.

மாசமா இருக்கறப்ப விடிஆர்எல் சில சமயம் தப்பாவும் பாசிடிவ் காட்டும், அதனால உறுதிப்படுத்தற டிபிஎச்ஏங்கற ரத்த டெஸ்டும் கேட்டு எடுத்துக்கோங்க, ஆனா அதோட ரிசல்ட்டுக்காக ஊசிய நிறுத்தி வெக்காதீங்க. வூட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போயி அவருக்கும் பாக்கோணும், இல்லாட்டி திரும்பத் தொத்திக்கும். பென்சிலின் அலர்ஜி முன்ன வந்திருந்தா மறைக்காம சொல்லுங்க, பெரிய ஆஸ்பத்திரில வெச்சு கொஞ்சங்கொஞ்சமா பழக்கிப் போடுவாங்க. ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், கிருமி சாகறதால வர்றது, ஒரு நாள்ல தணிஞ்சுரும். வயிறு இறுக்கிப் புடிச்சாலோ குழந்தை அசைவு கொறஞ்சாலோ மட்டும் காத்திருக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.