காட்டில் குதிரையோடு முகாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்டோபர் மாத இலை நிறங்களைக் காணக் குதிரையோடு கிளம்பும் வாசகர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்காவைப் பற்றியவை என்பதால், அதையே மையமாகக் கொண்டு பதில் சொல்கிறேன். ஏறக்குறைய 16,000 ஏக்கர் பரப்புள்ள இது அம்மாநிலத்தின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா. சுமார் 70 மைல் நீளத்துக்குக் குதிரைப் பாதைகளும், குதிரைகளோடு வருவோருக்கெனத் தனி முகாமிடமும் இங்கு உண்டு.

இல்லினாயிலிருந்து எங்கள் குதிரையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். என்னென்ன சான்றுகள் வேண்டும்?

முதலாவது, கடந்த 12 மாதங்களுக்குள் எடுக்கப்பட்ட காகின்ஸ் இரத்தப் பரிசோதனையின் முடிவு. இப்பரிசோதனை கண்டறியும், குதிரை ஈக்கள் மூலம் பரவும் தொற்று இரத்தசோகை நோய்க்கு மருந்தும் கிடையாது, அமெரிக்காவில் தடுப்பூசியும் கிடையாது. நோய் உறுதியான குதிரையை ஆயுள் முழுவதும் தனிமைப்படுத்த வேண்டும், இல்லையேல் கருணைக்கொலை செய்ய வேண்டும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. இரண்டாவது, மாநில எல்லையைக் கடப்பதற்குக் கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்று. இது பொதுவாக 30 நாள்களுக்கே செல்லும். பூங்காவுக்குரிய குதிரை அனுமதி வில்லையையும் வாங்க வேண்டும். இரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரச் சில நாள்கள் ஆகும் ஆதலால், கிளம்பும் வாரத்தில் மருத்துவரைத் தேடி ஓடாதீர்கள்.

இரவில் குதிரையை மரத்தில் கட்டலாமா?

நேரடியாகக் கட்டக் கூடாது. பாதையில் நேரும் விபத்துகளையே எல்லாரும் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் குதிரைக்கு வரும் கேடுகளில் பெரும்பங்கு அது முகாமில் சும்மா நிற்கும் நேரத்தில்தான் வருகிறது. சலிப்படைந்த குதிரை முன்காலால் மண்ணைப் பறித்து வேரை வெளியே கொண்டுவரும். பட்டையைக் கடித்து உரிக்கும். தலைக்கயிற்றை மரத்தைச் சுற்றிச் சுற்றி, மூக்கு மரத்தில் இடிக்கும் அளவுக்குச் சுருக்கிக்கொண்டு விழிக்கும்.

முகாமிடத்தில் கட்டுவதற்கென அமைக்கப்பட்ட இடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில், விதிகள் அனுமதித்தால், இரண்டு மரங்களுக்கிடையே ஏழு அடி உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து தலைக்கயிற்றைத் தொங்கவிடும் முறையே சிறந்தது. மரத்தைச் சுற்றிக் கயிறு வரக் கூடாது. குறைந்தது இரண்டு அங்குல அகலமுள்ள நாடாவை மரத்தில் சுற்றி, அதில் கயிற்றைப் பூட்ட வேண்டும். தலைக்கயிற்றின் நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள்: குதிரை குனிந்து உலர்புல்லைக் கடிக்க முடியவேண்டும், ஆனால் முன்கால் கயிற்றைத் தாண்டிவிடும் அளவுக்கு அது தொய்யக் கூடாது. இழுத்தவுடன் அவிழும் முடிச்சே போடுங்கள். அருகில் ஒரு கத்தியும் இருக்கட்டும். இந்த ஏற்பாட்டில் ஓர் இரவு நின்று பழகாத குதிரையைக் காட்டுக்குக் கொண்டுவருவது சரியல்ல; முதல் ஒத்திகை உங்கள் வீட்டுப் புல்வெளியில் நடக்க வேண்டும்.

காட்டில் எந்தெந்த மரம், செடிகளுக்கு அஞ்ச வேண்டும்?

நீங்கள் பார்க்க வரும் அழகிலேயே ஆபத்து இருக்கிறது. செம்மேப்பிள் மரத்தின் பச்சை இலையைவிட, உதிர்ந்து வாடிய இலையே குதிரைக்கு நஞ்சு. அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். குதிரை சோர்ந்து, ஈறுகள் வெளிறி அல்லது பழுப்பேறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், காலை வரை பார்ப்போம் என்று இராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். கறுப்புச் செர்ரி மரத்தின் கிளை புயலில் முறிந்து விழுந்திருந்தால், அதன் வாடும் இலைகளில் சயனைடு உண்டாகும். கறுப்பு வால்நட் மரத்தூளை லாயத்தில் பரப்பினால் குளம்பழற்சி வரும்.

நான் அதிகம் அஞ்சுவது, நிழலில் இடுப்பளவு வளர்ந்து, கோடையின் இறுதியில் பஞ்சுபோன்ற வெண்பூக்கொத்து பூக்கும் வெண்பாம்புவேர்ச் செடிக்கு. அதன் நஞ்சு குதிரையின் இதயத் தசையைத் தாக்கும். இதைத் தின்ற பசுவின் பாலைக் குடித்ததால் வந்த நோயில்தான், 1818-இல் இதே இந்தியானாவின் தென்பகுதியில், ஆபிரகாம் லிங்கனின் தாயார் நான்சி இறந்தார். அப்போது லிங்கனுக்கு ஒன்பது வயது.

பசியோடு நிற்கும் குதிரைதான் கண்டதையும் கடிக்கும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் ஒன்பது கிலோ உலர்புல் என்ற கணக்கில், வீட்டில் தின்று பழகிய புல்லையே கொண்டுவந்து எப்போதும் வாயெட்டும் இடத்தில் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முகாமில் எங்கள் குதிரை தண்ணீரைத் தொடுவதே இல்லை.

புதிய இடத்துத் தண்ணீரின் மணம் பிடிக்காமல் பல குதிரைகள் இப்படிச் செய்யும். நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்க வேண்டிய விலங்கு குடிக்காமலிருந்தால், குடலில் தீவனம் இறுகிக் கடும் வயிற்றுவலி வரும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்கி, முகாமிலும் அவ்வாறே கொடுத்தால் வேறுபாடு தெரியாது. வாளியும் வீட்டு வாளியாக இருக்கட்டும். உலர்புல்லை நனைத்துக் கொடுப்பதும் உதவும்.

இரவு முழுவதும் குதிரைகளுக்கு அருகில் விளக்கு எரியவிடலாமா?

வேண்டாம். போடோமாக் குதிரைக் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர், நீரில் வளர்ந்து பறக்கும் ஈசல் போன்ற பூச்சிகளில் இருக்கிறது. ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ, குறிப்பாகக் கோடை மாதங்களில், விளக்கு வெளிச்சத்துக்கு வந்து வாளியிலும் புல்லிலும் செத்து விழும் அவற்றைக் குதிரை தன்னையறியாமல் விழுங்கிவிடுகிறது. தடுப்பூசி உண்டு, ஆனால் முழுப் பாதுகாப்பு தராது. விளக்கை அணைத்துவிட்டு, காலையில் வாளியைக் கழுவி நிரப்புங்கள்.

லத்தியைக் காட்டிலேயே பரப்பிவிடலாம் அல்லவா?

கூடாது. ஒரு குதிரை நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் போடும். அதற்கென உள்ள இடத்தில் கொட்டுங்கள். சிந்திய புல்லையும் வாரிவிடுங்கள், ஏனெனில் அயல் களைகளின் விதை அதில்தான் வருகிறது.

கரடி, பாம்பு பயம் உண்டா?

இந்தப் பூங்காவில் கரடிக்கு அஞ்சத் தேவையில்லை. மரக்கிலுகிலுப்பை விரியன் உண்டு. அது அம்மாநிலத்தில் அருகிவரும் இனம், மனிதரைக் கண்டால் ஒதுங்கவே பார்க்கும். பாம்பைவிட உண்ணிகளைத் தேடுங்கள்: பிடரிமயிரின் அடி, வாலடி, தொடையிடுக்கு.

எங்களிடம் குதிரை இல்லை. குழந்தைகளோடு நடக்கும்போது எதிரே குதிரை வந்தால்?

நீங்களே வழிவிட வேண்டும். சரிவுப் பாதையில் கீழ்ப்புறமாக ஒதுங்கி நின்று, சவாரி செய்பவரிடம் இயல்பான குரலில் பேசுங்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து அமைதியாக நிற்பதுதான் குதிரையை மிரட்டும். பேச்சுக்குரல் கேட்டால், நிற்பது மனிதர்தான் என்று அதற்கு விளங்கிவிடும். கைக்குடையை விரிக்காதீர்கள்.

நவம்பரில் கூட்டம் குறைவாக இருக்குமே, அப்போது வரலாமா?

வரலாம், ஆனால் அது மான் வேட்டைக் காலம். மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காக இந்தியானாவின் சில மாநிலப் பூங்காக்களை அம்மாதத்தில் சில நாள்கள் முழுமையாக மூடிவிடுவார்கள். எனவே தேதியைப் பார்த்த பிறகே முன்பதிவு செய்யுங்கள். அருகிலுள்ள ஹூசியர் தேசியக் காட்டில் சவாரி செய்வதானால், அதற்குத் தனி அனுமதி வாங்கி, நீங்களும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து, குதிரையின் மார்பிலும் பின்புறத்திலும் அதே நிறத் துணியைக் கட்டுங்கள்.