வாடகை வீடு: ரசீது வாங்கினீர்களா?

சேலத்தில் 7,000 ரூபாய்க்குள் நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

எத்தனை பேர், வேலை எந்தப் பக்கம், வண்டி உண்டா, ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் அந்தப் பணத்துக்கு வீட்டை வெளியில் நின்று பார்த்துவிட்டு வரலாம். அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, கொண்டலாம்பட்டி லைன் வீடுகளில் தேடுங்கள். தறி ஓடும் தெருவென்றால் ராத்திரி 10 மணிக்கு ஒருமுறை போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அதிர்வது தெரியும். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்துப் போர்ஷன் அம்மாவிடம் கேளுங்கள்.

அரசு வாடகைக்குப் பணம் தருமா?

மாதாமாதம் கையில் தரும் திட்டம் என்று யாராவது ஃபாரம் விற்றால் வாங்காதீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்தான்) தருவது பங்குத்தொகை கட்டி வாங்கும் வீடு. வேலைக்குப் போகும் தனிப் பெண் என்றால் அரசின் தோழி விடுதி சேலத்திலும் இருக்கிறது.

10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டப்படி சரியா?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்வது 3 மாத வாடகை. ஆனால் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் என்னிடம் வராதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வேண்டும்.

5 லட்சம் போக்கியத்துக்கு வீடு வருகிறது. வாடகை மிச்சம்தானே? புரோக்கர் அவசரப்படுத்துகிறார்.

புரோக்கர் அவசரப்படுவார், கமிஷன் அவருக்கு. நீங்கள் ஏன் ஓடுகிறீர்கள்? இதைப் பத்து முறையாவது எழுதியிருப்பேன். கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பதி வந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்த 20 ரூபாய் பத்திரம், கூடவே கதவில் ஒட்டியிருந்த வங்கி ஏல நோட்டீஸைப் போனில் எடுத்த படம். வீடு அவர்கள் குடிவருவதற்கு முன்பே அடமானத்தில் இருந்திருக்கிறது. வங்கிக்கு முந்திய உரிமை. இவர்களுடைய 4 லட்சம் வீட்டுக்காரர் கையில், அவர் போன் சுவிட்ச் ஆஃப்.

போக்கியம் என்பது மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது. அதுவும் ஒரு அடமானம், பதிவு செய்யாத பத்திரத்தை நம்பி இறங்கக்கூடாது. பதிவுச் செலவு கசக்கும், சரி, 5 லட்சம் போனால் இனிக்குமா? வில்லங்கச் சான்றை (வீட்டின் மேல் பதிவான அடமானம், விற்பனை எல்லாம் அதில் தெரியும்) நீங்களே போடுங்கள், அவர் நீட்டும் ஜெராக்ஸ் வேண்டாம். மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஊரில் இருக்கிறது’ என்றால் வங்கியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுபவர்தான் சொந்தக்காரரா, அண்ணன் தம்பிக்குப் பங்கு உண்டா என்றும் பாருங்கள். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். ரசீதும் வேண்டும், ஆமாம், இதற்கும்.

கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய் வாங்குகிறார்.

உங்கள் போர்ஷனுக்குத் தனி இ.பி. இணைப்பு இருந்தால் எண்ணை வாங்கி நீங்களே கட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அப்போது உங்களுக்கே வரும். வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து பிரித்துப் போட்ட சப்-மீட்டர் என்றால் பேரம்தான்.

ஏற்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே வீடு பார்க்கலாமா?

மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், பீரோவை நகர்த்திப் பின்சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ‘மே மாதம் மட்டும் காலி செய்து கொடுங்கள், கோடை விழாக் கூட்டம் வரும்’ என்று ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்கிறாரா, பின்பு சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.